அஞ்சும் உயிரை ஒறுத்தல் தகுமோ?

ஒரு நாய் உறுமுகின்றது. அவ்வுறுமல் குற்றமோ, முறையீடோ? இதனைத் துணியாமல் அந்நாயை அடித்தல் அறமோ மறமோ என்று துணிதல் இயலாது. மெய்ந்நூற் பொருள்களை ஆராய்தற்குரிய இவ்விதழில் நாயைப் பற்றிய ஆராய்ச்சிக்கு இடமென்னை என்று அன்பர் சிலர் வினவலாம். யாமும் ஒருகால் இதனைச் சிறுபொருளென்றே ஒதுக்கியிருந்தோம். ஒதுக்கியதோடமையாது, ஒரு பெருஞ்சொல்லைத் தகாத இடத்தில் வழங்கிப் பிழையும் பட்டோம். அப்பிழையே இதனை எழுதுவிக்கின்றது.

எம் நண்பர் ஒருவர் இல்லத்தில் ஒரு நாய் வளர்ந்து வந்தது. குட்டியாய் இருந்த ஞான்று யாரிடத்து என்ன துன்பம் உற்றதோ, கையிற் குடையோடு வருவாரைக் கண்டால் நடுங்கும். வாலை ஒடுக்கிப் பின்வாங்கும். பின்வாங்க இடமில்லையாயின் உறுமும். நண்பர் ஒரு பயிற்றுநரை அழைத்தார். அவர் கழுத்தை இறுக்கும் சங்கிலியொன்றை மாட்டி, அது உறுமுந்தோறும் வெடுக்கென இழுத்தும், மல்லாக்கப் புரட்டி மார்பை அழுத்தியும் அடக்கம் பயிற்றினார். மூன்று திங்களில் உறுமல் நின்றது. குடையோடு சென்ற எம்மைக் கண்டும் அந்நாய் வாய் திறவாது கிடந்தது. யாம் வியந்து, 'இஃதன்றோ மறக்கருணை!' என்று பயிற்றுநரைப் பாராட்டினோம். அடுத்த மழைக்காலத்தில், மடக்கிய குடையோடு அதனருகில் அமர்ந்த நண்பரின் பெயரனை அது ஓரொலியும் எழுப்பாமற் கடித்துவிட்டது. சிறுவன் கையில் ஏழு தையல் இடவேண்டியதாயிற்று. நண்பர் எம்பால் வந்து, 'ஐயா, இதனைக் கொன்றுவிடத்தான் வேண்டுமோ? தாங்களே சொல்லுங்கள்' என்றார். யாம் விடையிறுக்க மாட்டாது வாளா இருந்தோம்.

ஒறுத்தல் என்பது குற்றத்தை முன்னிட்டது. குற்றமாவது, இது தகாது என அறிந்தும், செய்யாதொழிய வல்லனாயிருந்தும், ஒருவன் செய்வது. அச்சமோ செயலன்று, உயிரின்கண் நிகழும் நிகழ்ச்சி. இடி விழுந்தவழி நம் நெஞ்சு துணுக்குறுதலை நாம் செய்தோம் என்று யாரேனும் கூறுவரோ? நாயின் நடுக்கமும் அத்தன்மையதே. உறுமல் என்பது அந்நடுக்கத்திலிருந்து பிறக்கும் சொல். மொழியில்லா உயிர் 'இன்னும் அணுகாதே. என்னால் ஆற்ற இயலவில்லை' எனத் தெரிவிக்கும் ஒரே வழி. கடியாதொழிதற்கு அது மேற்கொள்ளும் முயற்சியென்றே அதனைக் கொள்ளல் வேண்டும். எம் நண்பரின் நாய்க்குப் பயிற்றுநர் கற்பித்தது யாது? குடையைக் கண்டு அஞ்சாமையை அன்று, அச்சத்தை அறிவியாமையை. குடை வருந்தோறும் கழுத்து இறுகுதலின், குடை முன்னையினும் கொடியதாயிற்று. அதனை உரைக்கும் வாயோ அடைபட்டது. எஞ்சியது பல் ஒன்றே.

அச்சம் எத்துணை ஆழத்திற் பதிவது என்பதற்கு உருசிய நாட்டு உடலியலறிஞர் இவான் பாவ்லோவ் கண்டது ஒரு சான்று. 1904-இல் நோபல் பரிசு பெற்ற இவரது ஆய்வுக்கூடம் லெனின்கிராட் நகரில் இருந்தது. 1924 செப்டம்பரில் ஆறு பெருக்கெடுத்து நாய்க்கூண்டுகளிற் புகுந்தது. நீரில் நீந்துவித்து மீட்கப்பட்ட நாய்களுட் சில, பல நாள் பயின்று பெற்ற பழக்கங்களை இழந்துவிட்டன. அவை தேறிய பின்னர், ஒரு நாய் இருந்த அறையின் கதவின்கீழ்ச் சிறிது நீர் ஒழுகுமாறு விட்டபொழுது, அது மீண்டும் கலங்கிப் பழக்கமனைத்தையும் இழந்தது. அந்நாய் செய்த குற்றம் யாது? அடித்தால் அது நீரை அஞ்சாதொழியுமோ?

அடங்கிக் கிடத்தல் அமைதியாகாது என்பதை வேறொரு சோதனை காட்டுகின்றது. அமெரிக்க நாட்டு உளவியலறிஞர்களான மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மேயரும் 1967-இல் வெளியிட்டது அது. தப்ப வழியின்றிக் கட்டப்பட்டு மின்னதிர்ச்சி பெற்ற நாய்கள், பின்னர் ஒரு தாழ்ந்த தடுப்பைத் தாண்டினால் தப்பலாம் என்ற இடத்தில் விடப்பட்டபொழுதும், பல தாண்டாமல் முனகிக்கொண்டு அதிர்ச்சியை ஏற்றுக் கிடந்தன. (இச்சோதனையே கொடிதென்பதில் எமக்கு ஐயமில்லை, செய்தொழிந்தமையின் அதன் பொருளையேனும் கொள்வோம்.) ஏறத்தாழ ஐம்பதாண்டு கழித்து, 2016-இல், அவ்விருவரே தம் கொள்கையைத் தலைகீழாகத் திருத்தினர். நீண்ட துன்பத்தின்கண் செயலற்றுக் கிடத்தலே உயிரின் இயல்பான நிலை; அது கற்கப்படுவதன்று; 'என்னால் இத்துன்பத்தை விலக்க இயலும்' என்பதே கற்கப்படுவது என்றனர். ஆன்ம இயல் ஆராய்வார்க்கு இத்திருத்தம் பெரிதும் சிந்திக்கத்தக்கது. செயலறுதியை நாம் வருந்திக் கற்பிக்க வேண்டுவதில்லை. கற்பிக்க வேண்டுவது செயலே. எம் நண்பர் இல்லத்தில் யாம் அடக்கமெனக் கண்டு மகிழ்ந்தது எது என்பது இதனால் விளங்கும்.

அற்றேல், ஒறுத்தலும் கருணையாதல் உண்டென்று நம் நூல்கள் கூறவில்லையோ எனின், கூறுகின்றன. சிவஞான சித்தியார், இறைவனது முனிவும் அருளேயென விளக்கும்வழி, சொல் வழி நில்லாத மக்களைப் பெற்றோர் அடித்துத் திருத்துதலை உவமையாக எடுத்தாளுகின்றது. யாம் அன்று 'மறக்கருணை' என்று நாக்கூசாது கூறியது அதனை உட்கொண்டே. ஆயினும் இரண்டு மறந்தோம். உவமை ஒருபுடை ஒப்புமையே கொள்ளத்தக்கது. உலகினர் யாவரும் அறிந்ததொன்றைக் காட்டி இறைவன் முனிவு பகையன்று எனத் தெளிவித்தற்கு எழுந்த செய்யுளை, அடிப்பார்க்கு உரிமைச்சீட்டாகக் கொள்ளுதல் நூற்கருத்தன்று. அன்றியும், அவ்வுவமையிலுள்ள மகன் தந்தை சொல்லை அறிந்தவன், அறிந்தும் வாராதவன். நாயோ எச்சொல்லைக் கேட்டு மறுத்தது?

இனி, இறைவன் ஒறுத்தற்குரியன் ஆதல் எங்ஙனம்? உயிரின் வினையளவையும், அதன் பக்குவத்தையும், ஒறுப்பினால் விளையும் பயனையும் முற்ற அறிவான். தனக்கென ஒன்றும் வேண்டான். சங்கிலியை இழுத்த கைக்கு இவற்றுள் யாதுண்டு? அந்நாய் ஏன் நடுங்குகின்றது என்பதையே அறிந்திலோம். எமக்கு வேண்டியதும் அதன் நலமன்று. குடையோடு இடையூறின்றி உட்புகும் எமது வசதியே. அறியாமையும் தன்னலமும் உடையார் கைப்பட்ட ஒறுப்பை இறைவனது தொழிலின் பெயரால் அழைத்தது, நாய்க்கு இழைத்ததனினும் பெரும்பிழையென்று இப்பொழுது உணர்கின்றோம்.

மேனாட்டுத் துறவியர் வரலாறொன்று திருமடங்களைச் சார்ந்த அன்பர்க்கு உவப்பாகலாம். நியூயார்க் மாநிலத்தில் கேம்பிரிட்ஜ் என்னும் ஊரையடுத்து நியூ ஸ்கீட் என்றொரு கிறித்துவ மடம் உளது. அதன் துறவியர் ஜெர்மன் ஷெப்பர்டு இன நாய்களை வளர்த்தும் பயிற்றியும் வருபவர். 1978-இல் அவர் வெளியிட்ட நூல் பெரிதும் பரவியது. கட்டளை மீறும் நாயை மல்லாக்கப் புரட்டி அழுத்துக என்பது அதிற் கூறிய முறைகளுள் ஒன்று. ஓநாய்க் கூட்டத்தில் வலிமையால் தலைமை பெற்றது ஏனையவற்றை அடக்கியாளும், மனிதனும் நாய்க்கு அத்தகைய தலைவனாகல் வேண்டும் என்பது அக்காலத்தில் வழங்கிய கொள்கை. அது 1947-இல் ருடால்ஃப் ஷெங்கல் என்பார் விலங்குக் காட்சிசாலையில் அடைபட்ட ஓநாய்களைக் கண்டு எழுதியதிலிருந்து கிளைத்தது. அதனை 1970-இல் தம் நூலாற் பரப்பிய டேவிட் மெக் என்பவரே, வட கனடாவின் எல்ஸ்மியர் தீவில் பல கோடைகள் காட்டு ஓநாய்களோடிருந்து கண்டு, 1999-இல் அதனைத் திருத்தினார். இயல்பான ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் தாயும் தந்தையும் பிள்ளைகளும் அடங்கிய குடும்பமே. ஆண்டு தலைமை போரிட்டுப் பெறுவதன்று, ஈன்றமையாற் பெறுவது. நியூ ஸ்கீட் துறவியரும் 2002-இல் வந்த இரண்டாம் பதிப்பில், புரட்டி அழுத்தும் முறை பெரும்பாலார்க்கு இடர் மிக்கதென்று கூறி அதனைக் கைவிட்டனர். தம் பெயரால் உலகம் சுற்றிய கூற்றைத் தாமே மறுத்தெழுதுதல் எளிதன்று. யாம் அவர்தம் சமயத்தினர் அல்லேம். எனினும் அச்செயலை வணங்குகின்றோம்.

அவ்விடர் வெறுங்கற்பனையன்று. 2009-இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்து மெகன் ஹெரன் முதலியோர் நாய் வளர்ப்போர் 140 பேரை வினவித் தொகுத்ததில், அடித்தல் உதைத்தல்களை மேற்கொண்டாருள் 100-க்கு 43 பேர், தம் நாய் அதனாற் சீறித் தாக்க முற்பட்டதென்றனர். புரட்டி அழுத்தினாருள் 31 பேர் அங்ஙனமே கூறினர். போர்ச்சுகல் நாட்டில் 92 நாய்களை ஆராய்ந்து 2020-இல் வெளிவந்த ஆய்வு, ஒறுப்பு மிகுந்த பயிற்சிக்கூடங்களின் நாய்களிடத்து உளைச்சற் குறிகள் மிகுதியென்றும், ஐயத்திற்கிடமான பொருளை அவை நம்பிக்கையின்றியே அணுகின என்றும் காட்டிற்று. வேல்சு நாடு மின்னதிர்ச்சிக் கழுத்துப்பட்டையை 2010-இலேயே தடை செய்தது.

பின் செய்யத்தக்கது யாது? முதற்கண் நோயுண்டோ எனக் காண்டல். இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்து டேனியல் மில்ஸ் முதலியோர் 2020-இல் எழுதியதன்படி, நடத்தைக் கோளாறென்று அவர்பால் வரும் நாய்களுட் குறைந்த மதிப்பீட்டிலும் மூன்றிலொரு பங்கிற்கு உடலில் ஏதோ ஒரு வலியுண்டு. எம் நண்பரின் நாயைக் கால்நடை மருத்துவர் நோக்கியபொழுது இரு செவியுள்ளும் சீழ் கண்டார். கழுத்துச் சங்கிலியை இழுத்தபோதெல்லாம் அஃது என்ன பாடுபட்டிருக்கும் என்று எண்ணுதற்கும் மனம் ஒவ்வவில்லை.

அடுத்து, அதற்கு வேண்டுவன யாவை என ஆராய்தல். இடையூறின்றி உறங்க ஓரிடம், அஞ்சியவழி ஓடி ஒளிய ஒரு மூலை, மோந்து திரிதற்குப் பொழுது, அன்புடையார் அண்மை ஆகிய இவை நன்னடத்தைக்குக் கூலியாக அளந்து கொடுக்கத்தக்கன அல்ல. உயிரென்ற அளவிலேயே உரியன. அதன்பின்னரே அச்சத்தை மாற்றும் முயற்சி. பாவ்லோவின் நாய்கள் வெள்ளத்திற் கலங்கிய அதே 1924-இல், அமெரிக்காவில் மேரி கவர் ஜோன்ஸ் என்னும் அம்மையார், முயலைக் கண்டு அலறும் மூன்று வயதும் நிரம்பாத குழந்தையொன்றின் அச்சத்தை நீக்கிய வரலாற்றை வெளியிட்டார். குழந்தை விரும்பியுண்ணும் வேளையில் முயல் எட்டத்தில் வைக்கப்பட்டது. அது பொறுக்குமளவு நோக்கி நாடோறும் சிறிது சிறிதாக அணுகியது. ஈற்றில் குழந்தை முயலைத் தடவிக்கொடுத்தது. நாய்க்கும் இதுவே வழி. குடை மிகத் தொலைவில், நாய் கண்டும் கலங்காத எல்லையில், தோன்றும். தோன்றியவுடன் நல்லுணவு வரும். குடை மறையும், உணவும் நிற்கும். எல்லையை வகுப்பவர் நாமல்லேம், நாயே.

உறுமும் நாய்க்கு உணவளித்தல் தீமைக்குப் பரிசாகாதோ என்பர் சிலர். உணவு உறுமலுக்கு விலையன்று. உறுமல் தோன்றாத தொலைவிலேயே அது தரப்படுகின்றது. ஒருகால் கணக்குத் தவறி உறுமினும், அச்சம் செயலன்மையின் பரிசு பெற்று வளர்வதன்று.

இதனினும் வலிய தடை ஒன்றுண்டு. அஃது எம்மைப் பன்னாள் வருத்தியது. உணவு காட்டி உயிரை வயப்படுத்தலும் ஒருவகை வன்மையே. தடியை மறைத்துத் தூண்டிலை நீட்டியதன்றி வேறென்ன? ஒருபாதி உண்மையென்றே யாம் ஒப்புவோம். பசியில் இட்டு, அஞ்சும் பொருளின் அருகே வந்தாலன்றிச் சோறில்லை என்று வைத்தால், அது சங்கிலியின் உடன்பிறப்பே. வேறுபாடு ஓரிடத்தில் உளது. நாய் திரும்பிப் போகலாமோ? போயின் அதற்கு உணவும் அன்பும் குறையாவோ? குறையாவெனின், அதன் இச்சையும் செயலும் அதன்பாலே நிற்கின்றன. நாம் இருந்து உதவுகின்றோம்; அவ்வளவே.

சிறுவரைக் காத்தல் வேண்டாவோ எனின், முதற்கடமை அதுவே. கதவடைத்தல், வாரிற் பிணித்தல், பழக்கி அணிவித்த வாய்ப்பூட்டு ஆகியவை தடுத்தலாம், ஒறுத்தலாகா. சில நாய்கட்கு மருத்துவர் தரும் மருந்தும் வேண்டும். சில முற்றும் தேறுவதில்லை என்பதையும் மறைத்தலாகாது.

நண்பர் தம் நாயைக் கொல்லவில்லை. செவிநோய் தீர்ந்தது, சங்கிலி கிணற்றில் எறியப்பட்டது. பெயரன் வரும் நாட்களில் அது பின்கட்டில் தனியறையில் இருக்கும். சென்ற மழைக்காலத்தில் யாம் ஆண்டுச் சென்றபொழுது, மறதியாற் குடையைக் கையிலேயே வைத்துக்கொண்டு முற்றத்தைக் கடந்தோம். அந்நாய் எழுந்து, எம்மை நோக்கி மெல்ல உறுமிற்று. நண்பர் முகம் மலர்ந்து, 'கேட்டீரா? பேசுகின்றது!' என்றார். யாம் நான்கடி பின்னே சென்று, குடையைத் திண்ணையில் வைத்துவிட்டு நின்றோம்.