இழுப்பறைக்குள் ஒரு கத்தி

பியானோ பக்கமே போகாதவர்கள்கூட இதைக் கேட்டிருக்கலாம். குப்ரிக்கின் கடைசிப் படமான 'ஐஸ் வைட் ஷட்'டில் வருகிறது. ஜியார்ஜி லிகெட்டியின் 'மூசிகா ரிச்செர்காட்டா' தொகுப்பில் இரண்டாவது துண்டு. அடுத்தடுத்து இருக்கும் இரண்டு கட்டைகள் மாறி மாறி ஒலிக்கும், மெட்டே அவ்வளவுதான். பாதி வழியில் மூன்றாவது கட்டையான ஜி உள்ளே நுழையும். ஆணி அடிக்கிற மாதிரி, முதலில் இடைவெளி விட்டு, அப்புறம் மூச்சு விடாமல்.

தனியாகக் கேட்டால் அந்த ஜியில் ஒரு குற்றமும் கிடையாது. பக்கத்துச் சுரம் காதில் இன்னும் இருப்பதால்தான் குத்துகிறது. இதை அபசுரம் என்றால் வாசித்தவர் தவறிவிட்டார் என்று அர்த்தமாகிவிடும். முரணிசை என்கிற சொல் தேவலாம். யார் மீதும் பழி போடுவதில்லை.

ஆனால் லிகெட்டியே பழி போட்டார். அந்த ஜி ஸ்டாலினின் நெஞ்சில் இறக்கிய கத்தி என்று பின்னாளில் சொன்னார். எழுதியது 1951க்கும் 1953க்கும் இடையில், புடாபெஸ்டில். பார்ட்டோக்கின் முரணிசை மிகுந்த படைப்புகளையே மேடையேற்ற முடியாத காலம். பதினொரு துண்டுகளும் இழுப்பறைக்குள் போயின. அவற்றில் ஆறை காற்று வாத்தியங்களுக்கு மாற்றி எழுதினார். 1956இல் அவற்றை வாசித்தபோதுகூட, முரண் அதிகம் என்று கடைசித் துண்டை விட்டுவிட்டார்கள். முழுத் தொகுப்பு 1969இல்தான் ஸ்வீடனில் மேடையேறியது. ஸ்டாலின் செத்துப் பதினாறு வருடம் ஆகியிருந்தது.

அப்படியானால் அது என்ன கத்தி? யாருமே கேட்காத எதிர்ப்பு எதிர்ப்புதானா?

அப்பாவையும் தம்பியையும் நாஜி முகாம்களுக்குப் பறிகொடுத்தவரிடம் 'ஏன் மேடையில் வாசிக்கவில்லை' என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்க வேண்டியது என்னைத்தான். சில வருடங்களுக்கு முன் ஒரு ரிலீஸ் மீட்டிங்கில், சோதனை முடிவுகளில் எதை வாடிக்கையாளருக்குக் காட்டாமல் விடலாம் என்று பேசினார்கள். எல்லோரும் தலையாட்டினார்கள், நானும்தான். அன்று ராத்திரி நீளமாக ஒரு மெயில் எழுதினேன், கோபமாக, நல்ல தமிழ்க் கட்டுரை மாதிரி. அனுப்பவில்லை. எழுதியதே போதும் என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

ரொம்ப நாள் லிகெட்டியையும் என்னையும் ஒரே கணக்கில்தான் வைத்திருந்தேன். முதல் துண்டைக் கவனித்துக் கேட்டபோதுதான் கணக்கு உதைத்தது. அதில் கிட்டத்தட்ட முழுக்க ஏ என்ற ஒரே சுரம்தான். கடைசியில் மட்டும் டி ஒருமுறை விழும். ராகம் இல்லை, ஹார்மனி இல்லை, மிச்சம் இருப்பது தாளம் மட்டும். அதை வைத்தே பரபரவென்று ஓடுகிறது. அடுத்தடுத்த துண்டுகளில் சுரம் ஒவ்வொன்றாகக் கூடி, பதினொன்றாவதில் பன்னிரண்டும் வந்துவிடும். கோபத்தைக் கொட்டித் தீர்த்துவிட்டுத் தூங்கப் போகிறவன் இப்படி எழுத மாட்டான். கேட்க ஆளில்லாத ஊரில் உட்கார்ந்து தன் காதை அடியிலிருந்து கட்டிக்கொண்டிருந்தார். 1956 டிசம்பரில் எல்லை தாண்டி வியன்னாவுக்குப் போனார். ஐந்து வருடத்தில் 'அட்மோஸ்ஃபியர்ஸ்' வந்தது.

இதனால் புடாபெஸ்டில் யாருக்கும் எந்த நியாயமும் கிடைத்துவிடவில்லை, அதுவும் உண்மைதான்.

என் மெயில் இன்னும் டிராஃப்டில் கிடக்கிறது. 'பெறுநர்' இடத்தை அன்றைக்கே காலியாகத்தான் விட்டிருக்கிறேன்.