கத்தரிக்காய் யாருக்கு?

பள்ளிக்கூட வளாகத்தில் மாணவரைக் கொண்டு காய்கறி பயிரிடுவது நல்லதா என்று கேட்டால், நல்லதன்று எனச் சொல்வார் அரியர். நான்கு சுவருக்கு வெளியே, வெயிலிலும் காற்றிலும் மண்ணைத் தொட்டுக் கற்கும் கல்வியை மேடைதோறும் புகழ்கின்றோம். 2019ஆம் ஆண்டில் மத்திய அரசும் பள்ளிகளில் சத்துணவுத் தோட்டம் அமைப்பதற்கான நெறிமுறைகளை வெளியிட்டது. இவற்றில் நமக்கு மறுப்பில்லை. ஆயினும், பிள்ளைகள் வியர்வை சிந்தி விளைவித்த காய் யாருக்குச் சொந்தம் என்னும் கேள்வி நெடுங்காலமாக நம் உள்ளத்தில் முள்ளாகத் தைத்துக்கொண்டிருக்கிறது.

இது ஏட்டைப் படித்து எழுந்த கேள்வியன்று. நாம் ஓதிய மதரஸாவில், ஹவுளிலிருந்து ஒளுச் செய்த நீர் வழிந்தோடும் வாய்க்காலை ஒட்டி வாழையும் கத்தரியும் இருந்தன. அஸர் தொழுகைக்குப் பின் மாணவர்கள் கூடிக் கொத்துவோம், களை பறிப்போம், பக்கக் கன்றுகளைப் பெயர்த்து நடுவோம். அதில் மகிழ்ச்சி இருந்தது, இல்லையென்று சொல்லலாகாது. ஆனால் முதல் தார் முற்றியதும் அது நிர்வாகி ஒருவரின் இல்லத்துக்கு வண்டியேறிப் போயிற்று. அன்றிரவு நம் சஹனில் வழக்கமான பருப்பாணந்தான். எவரும் வாய் திறக்கவில்லை. மறுநாள் தண்ணீர் இறைக்கத் தாமாக எழுந்தவர் ஒருவரும் இல்லை, அவ்வளவே.

அதே பருவத்தில் ஃபிக்ஹுப் பாடத்தில் 'முஸாக்காத்' நடந்துகொண்டிருந்தது. பிறருடைய மரத்துக்கு நீர் பாய்ச்சிப் பேணுகிறவனுக்கு விளைச்சலில் இன்ன பங்கு என முன்னரே உறுதி செய்திருத்தல் வேண்டும். பங்கு குறிக்கப்படாத உடன்படிக்கை செல்லாது என்பது சட்டம். உஸ்தாது அவர்கள் அதனை மிக அழகாக விளக்கினார்கள். சன்னலுக்கு வெளியே வாழை தெரிந்தது. கிதாபையும் வாழையையும் இணைத்துக் கேட்கும் துணிவு அன்று நமக்கு வரவில்லை. மாணவன் குத்தகைக்காரன் அல்லனே, அவன் கற்க வந்தவனாயிற்றே என்று சிலர் சொல்லக்கூடும். மெய்தான். கற்க வந்தவன் என்பதனாலேயே அவன் உழைப்பின் பயனை வேறொருவர் கொண்டுபோவது இன்னும் பெரிய பிழை என்று நமக்குப் படுகிறது. குத்தகைக்காரனாவது மறுத்துப் பேசலாம், மாணவனால் இயலாது.

இந்த அச்சம் நமக்கு மட்டும் தோன்றியதன்று. 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில், கைத்தொழிலை நடுவாக வைத்த ஆதாரக் கல்வியைக் காந்தியடிகள் முன்வைத்தார். பிள்ளைகள் செய்யும் பொருளின் வருவாய் ஆசிரியரின் ஊதியத்துக்கு உதவ வேண்டும் என்பது அவர் கருத்து. திட்டத்தை வகுத்த குழுவுக்குத் தலைவராயிருந்தவர், அப்போது ஜாமிஆ மில்லிய்யாவை நடத்தி வந்தவரும் 1967இல் குடியரசுத் தலைவரானவருமான டாக்டர் ஜாகிர் உசேன் அவர்கள். கைத்தொழில்களுள் ஒன்றாகப் பழத் தோட்டம், காய்கறித் தோட்டம் ஆகியவற்றையும் ஏற்ற அக்குழுவின் அறிக்கை, ஓர் ஆபத்தையும் மறைக்காமல் எழுதிற்று. பொருளீட்டும் நோக்கம் மேலோங்கினால் கல்வி பின்தள்ளப்படும். பிள்ளைகளிடமிருந்து எவ்வளவு வேலை வாங்கலாம் என்பதிலேயே ஆசிரியரின் கவனம் முழுதும் போய்விடும் என்பது அதன் கருத்து. இதனை எழுதியவர்களின் தலைவர் மண்ணை அருவருத்தவர் அல்லர். ரோஜாச் செடிகளின்மீது அவருக்கிருந்த காதல் நாடறிந்தது. தோட்டத்தை நேசித்தவரே அதன் தீங்கையும் கண்டார்.

காந்தியடிகளிடமும் இதற்கொரு விடை முன்னரே இருந்தது. 1910இல் யோகானஸ்பர்க் அருகே கல்லன்பாக் என்னும் நண்பர் அளித்த சுமார் 1,100 ஏக்கர் நிலத்தில் டால்ஸ்டாய் பண்ணை தொடங்கிற்று. அறப்போரில் ஈடுபட்ட குடும்பங்கள் அங்கே வாழ்ந்தன. அவர்களுள் தமிழர் பலர். ஏறத்தாழ 1,000 பழமரங்கள் இருந்தன. பிள்ளைகளுக்குத் தமிழும் உருதுவும் குஜராத்தியும் இந்தியும் கற்பிக்கப்பட்டன. முஸ்லிம் சிறுவர்கள் ரமளான் நோன்பு நோற்றபோது மற்றவரும் உடன் நோற்றனர் என்பது நம் வாசகர்க்கு உவப்பளிக்கும் செய்தி. ஆயினும் நாம் இங்கே கருதுவது வேறிரண்டு. ஆசிரியர் செய்யாத எந்த வேலையையும் பிள்ளைகளைச் செய்யச் சொல்வதில்லை. குழி தோண்டினால் ஆசிரியரும் உடன் தோண்டினார். சமையற்கூடம் ஒன்றே, உண்ணும்போது அனைவரும் ஒரே வரிசையில் அமர்ந்தனர். காய் யாருக்கு என்ற கேள்வி அங்கே எழ இடமில்லாமற் போயிற்று.

இவையெல்லாம் தெரிந்திருந்தும் நாமே தவறினோம். நாம் பணியாற்றும் பள்ளிக்கூடத்தில் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தோட்டம் போட்டோம். கீரை விதைத்தோம், கத்தரி நாற்றுவிட்டோம், வேலியோரம் முருங்கைப் போத்து ஊன்றினோம். சில வாரங்கள் சென்றன. ஒருநாள் மாலை ஓர் அம்மையார் வாயிலில் நின்றார். வயல்வேலை செய்து பிள்ளையைப் படிக்கவைப்பவர். "ஹஜ்ரத், இவன் மம்பட்டி புடிக்கக் கூடாதுன்னுதானே பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறேன். இங்கேயும் மம்பட்டிதானா?" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுவே நம்மைச் சுட்டது.

அவர் போனபின் தோட்டத்தைத் திரும்பிப் பார்த்தோம். கடைக்காரர் மகனுக்குத் தூசி ஆகாதென்று கடிதம் வந்திருந்தது. மற்றொருவனுக்கு டியூஷன். இன்னொருவனின் தந்தை நேரில் வந்து சொல்லிவிட்டுப் போனார். ஒவ்வொரு சலுகையையும் நாமே கொடுத்தோம். கடைசியில் மண்வெட்டியோடு நின்றவர்கள், கடிதம் எழுதித்தர ஆளில்லாத வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே. திறந்தவெளிக் கல்வி என்று நாம் பெருமையோடு பெயரிட்டது, ஏழைப் பிள்ளைகளுக்கு அவர்கள் வீட்டு வேலையின் தொடர்ச்சியாய்ப் போயிருந்தது.

அரபியில் 'ஃபலாஹ்' என்றால் வெற்றி. 'ஃபல்லாஹ்' என்றால் உழவன். பிளத்தல் என்னும் பொருள் தரும் ஒரே வேரிலிருந்து பிறந்த சொற்கள் இவை. பாங்கில் ஐவேளையும் நாம் அழைக்கப்படுவது அந்த ஃபலாஹை நோக்கியே. இந்தச் சொல்லழகை அவ்வம்மையாரிடம் எடுத்துரைக்க அன்று நா எழுந்தது, அடக்கிக்கொண்டோம். பகலெல்லாம் பிறர் வயலில் குனிந்து நாற்று நட்டு வந்தவரிடம் உழவின் மேன்மையைப் பேச, கையில் காய்ப்பில்லாத நமக்கு என்ன தகுதி?

மறுவாரம் முதல் கடிதங்கள் செல்லாவாயின. உண்மையில் உடல்நலம் குன்றியவன் விதை எண்ணட்டும், மற்ற எல்லோரும் மண்ணில் இறங்க வேண்டும் என்றோம். முதல் மண்வெட்டியை நாம் பிடித்தோம், அரைமணியில் மூச்சு வாங்கியது, பிள்ளைகள் சிரித்தார்கள். பாடம் நடவாத நாளில் வேலையும் இல்லை என்று முடிவு செய்தோம். பறித்த கீரையும் காயும் மதிய உணவுக் குண்டானுக்குப் போகும். மிஞ்சியது பிள்ளைகளுக்குச் சமமாகப் பங்கிடப்படும். எடையைக் குறித்துவைக்கும் நோட்டு மாணவர் கையில் இருக்கும். ஆசிரியர் எவர் வீட்டுக்கும் ஒரு காய்கூடப் போகாது. இந்தக் கடைசி விதியால் நம் வீட்டிலேயே சிறிது மனத்தாங்கல் உண்டாயிற்று.

பரங்கிக்கொடி பூத்தபோது நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். மஞ்சள் பூக்கள் நிறையப் பூத்தன. பூத்தவை யாவும் உதிர்ந்தன. கொடிக்கு நோய் கண்டதென்று நாம் வருந்தினோம். அந்த அம்மையாரின் மகன் குனிந்து பார்த்துவிட்டு, இவை ஆண்பூக்கள், இவை முதலில் வந்து உதிரத்தான் செய்யும். அடியில் சிறு பிஞ்சோடு வருவதே பெண்பூ என்றான். அது வந்த காலையில் ஓர் ஆண்பூவைப் பறித்து இதழ்களைக் கிள்ளிவிட்டு, அதன் மகரந்தத்தைப் பெண்பூவில் தொட்டுக் காட்டினான். கடைக்காரர் மகன் அவனிடம் கேட்டுக் கேட்டுக் குறிப்பெடுத்தான். மதீனாவாசிகள் ஆண் பேரீச்சையின் பாளைத்தூளைப் பெண் மரத்தில் இட்டு வந்ததும், பெருமானார் (ஸல்) அவர்கள் சொன்ன ஒரு கருத்தைக் கேட்டு அதனை விட்டபோது விளைச்சல் குறைந்ததும், இத்தகைய உலகக் காரியங்களில் நீங்களே நன்கறிந்தவர்கள் என்ற கருத்துப்பட நாயகம் அவர்கள் மொழிந்ததும் நினைவுக்கு வந்தன. பல்லாண்டுகளாக ஓதிக்கொடுத்து வந்த ஹதீஸ் அது. அன்று கொடியருகே நின்று அதனை மீண்டும் ஓதினோம். வகுப்பில் ஓதியபோது விளங்காதது சிறிது விளங்கிற்று.

அவன் தாயார் பிறகு ஒருமுறை வந்தார். நோட்டைப் புரட்டிக் காட்டினோம். படிக்கத் தெரியாதவர், மகன் படித்துச் சொன்னான். தலையை மட்டும் அசைத்தார். அவர் மனம் மாறிவிட்டதென்று நாம் சொல்லத் துணியோம்.

இன்னும் தீராத சிக்கல் ஒன்றுண்டு. கோடை விடுமுறையில் தண்ணீர் ஊற்றுவது யார்? பள்ளியருகே குடியிருப்பவை அந்த ஏழை வீடுகளே. அழைத்தால் பிள்ளைகள் ஓடி வருவார்கள். அழைக்க மனமில்லை. சென்ற ஆண்டு நாமும் மற்றோர் ஆசிரியரும் முறைவைத்து ஊற்றினோம். இடையில் முழங்கால் வலியால் ஒரு வாரம் நாம் போகவில்லை. கத்தரி வாடிப்போயிற்று. முருங்கை நின்றது.