வாசித்துச் சொல்ல ஒருவர்

பதுளை மாவட்டத்துத் தோட்டமொன்றில் 1934இல் பிறந்தவர் தெளிவத்தை ஜோசப். தான் பணியாற்றிய தெளிவத்தைத் தோட்டத்தின் பெயரையே தன் பெயரோடு சேர்த்துக்கொண்டவர். 2013இல் விஷ்ணுபுரம் விருது பெற்ற இந்தப் படைப்பாளி, தன் கதைகளோடு நின்றுவிடவில்லை. மலையகத்தில் எழுதிய மற்றவர்களின் சிறுகதைகளையும் தேடி வாசித்தார்; தொகுத்து நூலாக்கினார்; அவற்றின் வரலாற்றையும் எழுதிவைத்தார்.

இன்று நமுனுகுல மலையடியில், லயத்து வாசலில் அமர்ந்து கைபேசியில் முதல் கதை எழுதும் பிள்ளைக்கும் அப்படியொரு வாசகர் வேண்டும். “நல்லா இருக்கு” என்ற ஒற்றை வரி உற்சாகம் தரும், எழுத்தை வளர்க்காது. “கொழுந்து நிறுக்கும் இடத்தில் கணக்கப்பிள்ளை பேசுறது நம்ம தோட்டத்துப் பேச்சா இல்லையே, தங்கச்சி. ஆனா அந்த அம்மாயி வர்ற பகுதி மனசுல நிக்குது” என்று சொல்லிப் பாருங்கள். அவள் அன்றிரவே திருத்தி எழுதுவாள்.

குறையை இடம் சுட்டிச் சொல்லுங்கள்; நிறையையும் அப்படியே சொல்லுங்கள். உங்கள் கதைக்கு வாசகர் தேடும் முன், இன்று இன்னொருவரின் கதையைக் கடைசி வரி வரை வாசியுங்கள்.