கானகம் புகுமுன்

விடுமுறை நாட்களை உதகையிலோ கோடைக்கானலிலோ கழித்துத் திரும்புவது நம்மவர்க்குப் பழகிய வழக்கம். அண்மைக் காலத்தில் வேறொரு வழக்கமும் பரவி வருகிறது. மழைக்காட்டிற்குச் சென்று விலங்குகளையும் பறவைகளையும் கண்டு மகிழ்வதோடு நில்லாமல், அங்குள்ள ஆய்வாளர்களுக்குத் துணையாகச் சில நாட்கள் ஊதியமின்றி உழைத்துவிட்டு வருகின்றனர் இளைஞர்கள். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1971ஆம் ஆண்டு தோன்றிய எர்த்வாட்ச் என்னும் அமைப்பு இம்முறைக்கு முன்னோடி எனலாம். அதில் சேரும் தொண்டர் உடலுழைப்பைத் தருவதோடு ஆய்வுச் செலவிற்குப் பொருளும் தருகிறார். இன்று நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் தொண்டர்களைச் சேர்த்துக்கொள்ளும் ஆய்வுப் பணிகள் உள்ளன.

கொல்லாமையைத் தலையாய அறமாகப் போற்றும் குடும்பங்கள் இத்தகைய பயணத்தை எவ்வாறு மதிப்பிட வேண்டும்? இரண்டு விடைகள் எளிதில் கிட்டும். உயிர்களைக் காக்கும் ஆய்வாதலால் அதற்குச் செல்வது புண்ணியமே என்பது ஒன்று. காட்டில் வைக்கும் ஒவ்வோர் அடியும் எண்ணற்ற உயிர்களை நசுக்குவதால் போகாதிருப்பதே அறம் என்பது மற்றொன்று. இரண்டுமே மேற்கொண்டு சிந்திக்கும் தொல்லையிலிருந்து நம்மை விடுவிக்கின்றன. அதனாலேயே இரண்டின்மீதும் எனக்கு ஐயம் எழுகிறது.

இவ்வினா ஏட்டளவில் எழுந்ததன்று. மந்தைவெளியில் எங்கள் இல்லத்தில் கல்லூரியில் பயிலும் பேத்தி ஒருத்தி இருக்கிறாள். அவளுக்கு இரண்டு வாய்ப்புகள் வந்தன. ஒன்று, தென்மலைக் காடுகளில் ஜூன், ஜூலைத் திங்களில் இரவு நேரத்தில் தவளைகளைக் கணக்கெடுக்கும் பணி. மற்றது, ஆனைமலையில் வால்பாறைப் பகுதியில் பிப்ரவரித் திங்களில் நாற்றங்காலிலும் பறவைக் கணக்கெடுப்பிலும் உதவும் பணி. அவள் மனம் முதலாவதையே நாடியது. “மழைக்காலத்தில் முனிவர்களே நடமாட்டத்தை நிறுத்தி ஓரிடத்தில் தங்குகிறார்கள், நீ காட்டிற்குள் இரவில் நடக்கப் போகிறாயா அம்மா?” என்று கேட்டார் என் தமையனார். “முனிவர்களின் விரதம் நமக்கு இல்லையே, பெரிய தாத்தா” என்றாள் அவள். இருவர் சொன்னதும் உண்மையே.

சாதுர்மாஸ்யம் எனப்படும் அந்நான்கு திங்கள் தங்கலின் காரணத்தைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். மழை பெய்ததும் மண்ணில் புல் முளைக்கிறது, புழு வெளிவருகிறது, முட்டைகள் பொரிகின்றன. அப்போது நடப்பவன் அறியாமலே பல உயிர்களை மிதிக்க நேரும். விரதம் துறவியர்க்கு உரியது. ஆனால் அதன் காரணம் துறவி, இல்லறத்தார் என்ற வேறுபாடு பாராது. தமிழ்நாட்டிலேயே மிக அதிகமாக மழை பெய்யும் இடங்களுள் ஒன்று வால்பாறைக்கு அருகிலுள்ள சின்னக்கல்லாறு. அத்தகைய காட்டுத் தரையில் மழை நாளில் எத்தனை உயிர்கள் ஊர்ந்துகொண்டிருக்கும் என்பதை நம் தெருவை வைத்துக் கணிக்க இயலாது.

ஆயினும் நம் அறநூல்கள் ஹிம்சையை விளக்கும்போது, உயிர் பிரிவதை மட்டும் கொண்டு அதை அளப்பதில்லை. ‘பிரமாதம்’ எனப்படும் அசிரத்தையையே அதன் வேராகக் காட்டுகின்றன. நடக்கும்போது நிலத்தை நோக்கி, பகலொளியில், நிதானமாக அடிவைத்தலை ஈர்யா சமிதி என்று தனியொழுக்கமாகவே வகுத்திருக்கின்றன. காட்டாய்வு முறைகளைப் பேத்தி விளக்கியபோது எனக்கு வியப்பு உண்டாயிற்று. குறித்த ஒரு பாதையில், பேச்சின்றி, மிக மெதுவாக நடந்து, கண்டதை உடனுக்குடன் குறித்துக்கொள்வார்களாம். முனிவரின் நடைக்கு இது எவ்வளவு நெருங்கி வருகிறது! ஒரே வேறுபாடு, முனிவர் கீழே பார்த்து நடக்கிறார், பறவை ஆய்வாளர் மேலே பார்த்து நடக்கிறார்!

இரவில் தவளை தேடுவது வீண்வேலை என்று நான் கருதவில்லை. 2010ஆம் ஆண்டு நவம்பரில், டில்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எஸ்.டி.பிஜு தலைமையில், நெடுங்காலமாகக் காணப்படாத தவளையினங்களைத் தேடும் இயக்கம் தொடங்கிற்று. அடுத்த ஆண்டின் தொடக்கத்திலேயே ஐந்து இனங்கள் மீண்டும் கண்டறியப்பட்டதாக அறிவித்தனர். அவற்றுள் ‘கலசோடிஸ்’ என்னும் சிறு தவளை 1874க்குப் பின், அதாவது 136 ஆண்டுகளாக, யார் கண்ணிலும் படாதது. பின்னர் நடந்த ஆய்வில் இதன் வாழ்க்கை முறையும் தெரியவந்தது. நாணல்போன்ற மெல்லிய மூங்கிலின் கணுவிடையில் உள்ள சிறு துளை வழியே இது உள்ளே புகுகிறது. முட்டைகள் அங்கேயே இடப்படுகின்றன, ஆண் தவளை உடனிருந்து காக்கிறது. தலைப்பிரட்டைப் பருவமே இல்லை. முட்டையிலிருந்து நேராகக் குட்டித் தவளை வெளிவருகிறது. இதை அறியாதவரை, மூங்கில் வெட்டுபவர் ஒரு செடியை வெட்டியதாகவே எண்ணியிருப்பார். தந்தையோடும் முட்டைகளோடும் கூடிய ஓர் இல்லத்தை வெட்டினோம் என்று அறிந்திருக்க மாட்டார். இரவில் நடந்தவர்கள் ஈட்டிய அறிவு அவரது கத்தியைத் தடுக்கக்கூடும். ஆகவே அந்நடையைப் பழிப்பதற்கில்லை.

ஆனால் அவர்கள் பல்லாண்டுப் பயிற்சி பெற்றவர்கள். தவளை தன் தோலினாலும் சுவாசிக்கிறது. கொசு மருந்து பூசிய கையால் அதைத் தொடுவதே அதற்குத் தீங்கு. ஒரு நீரோடையிலிருந்து மற்றொன்றிற்குச் செல்லும் காலணியின் சேற்றில் தவளைகளுக்கு நோய் தரும் பூஞ்சையும் உடன் செல்லக்கூடும். முதன்முறை காடு காணும் பத்தொன்பது வயதுப் பெண் பத்து இரவுகளில் அவ்வாய்விற்குச் சேர்க்கும் பயன் எவ்வளவு, மிதித்து அழிப்பது எவ்வளவு? இக்கணக்கை அவளே போட்டுப் பார்க்கட்டும் என்று விட்டேன். இரண்டு நாட்கள் என்னுடன் சரியாகப் பேசவில்லை.

இதைவிடக் கடினமான வினா ஒன்று உண்டு. ஓர் உயிரினத்தைப் புதியது என்று உறுதிசெய்ய, அதன் உடல் ஒன்றைச் சாராயத்தில் இட்டு அருங்காட்சியகத்தில் வைப்பது விலங்கியலாரின் மரபு. அந்தக் கலசோடிஸ் தவளையே 1870களில் அவ்வாறு சேகரிக்கப்பட்ட உடல்களைக் கொண்டு விவரிக்கப்பட்டதுதான். அச்சீசா இல்லாதிருந்தால், இப்படியொரு தவளை காணாமற்போயிற்று என்பதே எவருக்கும் தெரிந்திராது. அதைக் கொன்றவரை நாம் ஏற்கிறோமா, மறுக்கிறோமா?

செய்தல், செய்வித்தல், உடன்படல் என வினையை மூன்றாகப் பகுத்துப் பார்ப்பது நம் மரபு. “நான் தொடமாட்டேன், மற்றவர் சேகரிக்கட்டும்” என்று தொண்டர் ஒதுங்கி நின்றால் முதலாவதிலிருந்து மட்டுமே தப்புகிறார். அப்பணிக்குப் பணம் செலுத்தியிருந்தால் செய்வித்தவராகிறார். முன்கூட்டி அறிந்தும் பேசாதிருந்தால் உடன்பட்டவராகிறார். நூற்றைம்பது ஆண்டுகட்குமுன் நடந்துவிட்ட கொலையால் கிடைத்த அறிவைக் கொண்டு இன்று அவ்வினத்தைக் காப்பது உடன்படலாகாது என்பது என் கருத்து. நேற்றைய தீவினைக்கு இன்றைய நம் ஒப்புதல் காரணமாக முடியாதன்றோ? நாளை நடக்கவிருக்கும் சேகரிப்பிற்கோ நம் வருகையும் பொருளும் காரணமாகலாம். இக்கோட்டை நான் வரைந்த இடம் சரியா என்பதில் அறிஞர்கள் மாறுபடக்கூடும். என் தமையனார் மாறுபடுகிறார். அச்சீசாக்களால் பயன்பெறுவதே உடன்படல்தான் என்பது அவர் துணிபு.

மழை ஓய்ந்த காலத்தைத் தேர்ந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்வதற்கில்லை. ஆண்டின் தொடக்க மாதங்கள் இருவாச்சிப் பறவை கூடு கட்டும் காலம். பெண் பறவை மரப்பொந்தினுள் புகுந்து வாயிலை அடைத்துக்கொள்ள, சிறு பிளவு வழியே ஆண் பறவை இரை கொணர்ந்து ஊட்டுகிறது. கூட்டருகே மனிதர் நின்றால் ஆண் பறவை நெருங்கத் தயங்கும். உள்ளிருக்கும் தாயும் குஞ்சும் பசித்திருக்கும். ஒரு நிழற்படத்திற்காக இதைச் செய்பவர்கள் உண்டு என்பது வருந்தத்தக்கது. கேரளத்து வாழச்சால் காடுகளில் காடர் பழங்குடியினரே இக்கூடுகளைக் கண்காணித்துக் காத்து வருகின்றனர். எவ்வளவு தொலைவில் நிற்க வேண்டும் என்பதை நகரத்துத் தொண்டர் அவர்களிடம்தான் கற்க வேண்டும்.

வால்பாறைப் பணியில் என்னைக் கவர்ந்தது நாற்றங்கால். தேயிலைத் தோட்டங்களுக்கிடையே துண்டு துண்டாக எஞ்சிய மழைக்காட்டைச் சீரமைக்கும் வேலையை நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் இந்நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அங்கு செய்து வருகிறது. சாலையோரத்தில் உதிர்ந்து, அங்கே முளைத்தாலும் பிழைக்க வழியற்ற விதைகளைப் பொறுக்கி நாற்றாக்குகின்றனர். பையில் மண் நிரப்புவது, களை எடுப்பது, உயரம் அளப்பது ஆகிய வேலைகளுக்கு நுட்பமான பயிற்சி வேண்டியதில்லை. ஊரில் சொல்லிப் பெருமைப்படும்படியான வேலையுமன்று. அது எனக்குப் பிடித்தது.

அட்டைகளைப் பற்றியும் பலர் கேட்கின்றனர். உப்பும் புகையிலையும் தேய்த்து அவற்றைத் துடிக்கச் செய்வது வேண்டா. முழங்கால்வரை இறுகக் கட்டும் துணியுறை அணிந்தால் பெரும்பாலும் கடிக்கா. கடித்தால் விரல் நகத்தால் மெல்ல நெகிழ்த்தி விட்டுவிடலாம். நூல்கள் அட்டையை ஈரறிவுயிருள் வைத்தன. இன்றைய விலங்கியல் அதற்குக் கண்களும் உண்டு என்கிறது. அறிவு கூடினால் நம் பொறுப்பும் கூடுகிறது போலும். சூரிய அத்தமனத்திற்கு முன் உண்பதும் கிழங்கு தவிர்ப்பதும் முகாமில் இயலுமா என்று முன்னதாகவே எழுதிக் கேட்டுவிட வேண்டும். அங்கு சென்றபின் சமையற்காரரைத் தொல்லைப்படுத்துவது முறையன்று.

ஆசிரியப் பயிற்சியின்போது, பாடக்குறிப்பு எழுதாமல் வகுப்பினுள் நுழைய எங்களுக்கு அனுமதி இல்லை. நோக்கம் என்ன, துணைக்கருவி எவை, மாணவர் என்ன பெறுவர் என்று முதல் நாளே எழுதியாக வேண்டும். காட்டுப் பயணத்திற்கும் அத்தகைய குறிப்பொன்றை எழுதச் சொன்னேன். இந்த விவரங்கள் யாருக்குப் பயன்படும், அவற்றை வைத்து எவ்வுயிர் காக்கப்படும், என்னைவிடக் குறைந்த தீங்கோடு இதைச் செய்யக்கூடியவர் அங்கேயே இருக்கின்றனரா, ஏதேனும் உயிர் சேகரிக்கப்படுமா என்ற வினாக்களுக்கு ஒரு தாளில் விடை எழுதினாள். மூன்றாவது வினாவிற்கு அவள் எழுதிய விடை “ஆம், ஆனால் நாற்றங்காலில் ஆள் போதவில்லை” என்பது. தவளைப் பணியை அவளே விட்டுவிட்டாள். மூன்று ஆண்டுகள் கழித்து, பயிற்சியோடு செல்வாளாம்.

சரணாலயங்களுக்குள் ஆய்வின் பொருட்டு நுழைய 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி வனத்துறையின் அனுமதி வேண்டும். அது வரத் திங்கள்கள் ஆகலாம். அதற்குள் பழகிக்கொள்ள இங்கேயே இடமுண்டு. சீசன்வாட்ச் என்னும் திட்டத்தில், ஒரே மரத்தை வாரந்தோறும் பார்த்து, தளிர், பூ, காய் எவ்வளவு எனக் குறித்து அனுப்புகிறார்கள். எங்கள் தெருமுனைப் புங்கமரத்தை ஞாயிறுதோறும் காலையில் அவள் பார்த்துக் குறித்து வருகிறாள். ஆறு வாரம் ஆயிற்று. ஒரு வாரம்கூடத் தவறவில்லை. முகாமிலிருந்து மற்ற வினாக்களுக்கு விடை வந்துவிட்டது. சேகரிப்பைப் பற்றிய வினாவிற்கு மட்டும் இன்னும் வரவில்லை. அது வரும்வரை கோயம்புத்தூருக்குப் பயணச்சீட்டு வாங்க வேண்டா என்று சொல்லியிருக்கிறேன்.