அடியில யாரு பார்க்கப் போறா?

ஒரு சின்னக் கேள்வி. யாருமே பார்க்காத இடத்தில் செய்கிற தப்பு, தப்புதானா? "ஆமா, இதென்ன கேள்வி?" என்று உடனே சொல்லிவிடுவோம். நானும் அப்படிச் சொன்னவன்தான். ஆனால் ஒரு பழைய காரின் அடியில் மல்லாந்து படுத்திருந்தபோது அந்தப் பதில் சுலபமாக வாயில் வரவில்லை.

கார், 1958-ஆம் ஆண்டு மோரிஸ் மைனர். 10 லட்சம் எண்ணிக்கையை எட்டிய முதல் பிரிட்டிஷ் கார் இந்த வகைதான். என் தாத்தாவும் ஒன்று வைத்திருந்தார். இப்போது போட்டோ மட்டும்தான் மிச்சம். அந்த ஆசையில் நானும் என் கூட்டாளியும் காசு சேர்த்து இங்கிலாந்திலிருந்து ஒன்றை இறக்கினோம். பெர்மிட், வரி, கப்பல் செலவு எல்லாம் முடிந்து கார் கிள்ளான் பட்டறைக்கு வந்துவிட்டது. இனி பரிசோதனையில் தேறி, ஜேபிஜே-யில் பதிந்து, நம்பர் பிளேட் மாட்ட வேண்டியதுதான் பாக்கி. மூன்று வாரத்தில் தங்கச்சி கல்யாணம். பொண்ணு இந்தக் காரில்தான் வந்து இறங்கும் என்று சொந்தக்காரர்கள் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லி வைத்திருந்தேன்.

முதல் சண்டை சிக்னலில் வந்தது. அந்தக் கால மைனரில் மினுக்கும் விளக்கு கிடையாது. கதவுக்குப் பின்னால் இருந்து ஒரு சின்னக் கை வெளியே நீளும். அழகான சாமான். "மஞ்சள் லைட் போட்டே ஆகணும்"னு பட்டறை அண்ணன் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. "அசல் காரைக் கெடுக்கணுமாண்ணே?" என்றேன். அவர் சிரித்தார். "தம்பி, அந்தக் கை நீளுறது உனக்குப் புரியும். பின்னாடி கப்சாயில வர்ற பையனுக்குப் புரியுமா?" அதோடு வாயை மூடிக்கொண்டேன்.

இரண்டாவது விஷயம் பெரியது. காரின் அடிப்பாகம் முழுக்கக் கறுப்புப் பூச்சு, பளபளவென்று இருந்தது. அண்ணன் ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து டிரைவர் சீட்டுக்குக் கீழே குத்தினார். பிஸ்கட்டில் இறங்குவது மாதிரி உள்ளே போனது. குளிர்காலத்தில் அங்கே பனி உறையாமல் இருக்க ரோட்டில் உப்புத் தூவுவார்கள். அந்த உப்பு இரும்பைத் தின்றிருக்கிறது. மைனருக்கு லோரி மாதிரித் தனி சேசிஸ் இல்லை. அடித் தகடுகளே எலும்பு. பிரேக் மாஸ்டர் சிலிண்டரும் அந்தத் தகட்டுப் பெட்டிக்குள், டிரைவர் காலுக்குக் கீழேதான் இருக்கிறது. நாலு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் லைன். அது போனால் மிச்சம் ஹேண்ட் பிரேக் மட்டும்தான்.

"வெட்டி எடுத்துப் புதுத் தகடு வெல்டிங் பண்ண ரெண்டு மாசம் ஆகும்" என்றார் அண்ணன். கூட்டாளி மெதுவாகச் சொன்னான்: "மேல பட்டி போட்டு, திரும்பவும் கறுப்பு அடிச்சிட்டா பாஸ் ஆயிடும்டா. அடியில யாரு பார்க்கப் போறா? கல்யாணம் முடிஞ்சதும் ஒழுங்கா செஞ்சிக்கலாம்."

உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் அதே நினைப்புதான். மனசு உடனே வக்கீலாக மாறியது. இங்கிலாந்திலேயே 40 வருஷத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு, பெரிய மாற்றம் செய்யாத வரைக்கும், 2018 முதல் வருடாந்திரப் பரிசோதனை கட்டாயமில்லை. இதே கார் அங்கே பரிசோதனை இல்லாமலே ஓடலாம். அப்புறம் எனக்கு மட்டும் என்ன?

ஆனால் அந்தச் சலுகைக்கு ஒரு மறுபக்கம் உண்டு. ஓட்டத் தகுதியில்லாத வண்டியை ரோட்டுக்குக் கொண்டுவருவது அங்கேயும் குற்றம்தான். சோதிக்கிற வேலையை விட்டுவிட்டார்கள். பொறுப்பை அப்படியே சொந்தக்காரன் தலையில் வைத்திருக்கிறார்கள்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அண்ணன் சொன்ன அந்தக் கப்சாய் பையன்தான் கண்ணுக்குள் நின்றான். அவன் என் காருக்கு அடியில் குனிந்து பார்க்க முடியாது. ரோட்டில் எதிரே வருகிற எவராலும் முடியாது. அதனால்தான் அவர்கள் எல்லாருக்கும் பதிலாக ஓர் அதிகாரி குனிந்து பார்க்கிறார். அவரை நான் ஏமாற்றினால் அவருக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை; சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடுவார். நான் ஏமாற்றுவது, யாருக்காக அவர் பார்க்கிறாரோ அவர்களை. முகம் தெரியாதவர்களை. அதுவும், காரில் முதலில் உட்காரப் போகிறவள் என் தங்கச்சி.

மறுநாள் காலையில் அண்ணனிடம் "வெட்டிடுங்கண்ணே" என்றேன். கூட்டாளி இரண்டு நாள் பேசவில்லை. தங்கச்சி மைவி காரில் மண்டபத்துக்குப் போனாள். "எங்கடா உன் கிளாசிக் காடி?" என்று மாமா எல்லார் முன்னாலும் கேட்டார். அவமானமாகத்தான் இருந்தது. நல்லது செய்தால் உடனே நிம்மதி வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பிறகு கார் பரிசோதனையில் தேறியது. அந்த வெல்டிங்கை யாரும் பாராட்டவில்லை. அதன் மேலும் கறுப்புப் பூச்சுதான் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் நல்ல தகடும் உளுத்த தகடும் ஒன்றுதான். வித்தியாசம் எனக்கும் அண்ணனுக்கும் கூட்டாளிக்கும் மட்டுமே தெரியும்.

கோயிலில் பூசை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தோம். பழம் நசுங்கியதும் பிரேக்கை மிதித்தேன். கார் நின்றது. பக்கத்து சீட்டில் இருந்த கூட்டாளி திரும்பிப் பார்த்து, "பரவாயில்லடா" என்றான்.

உங்கள் மோட்டாரிலும் தேய்ந்த டயர் இருக்கலாம். பரிசோதனைக்கு மட்டும் இரவல் வாங்கி மாட்டிய சாமான் இருக்கலாம். அதிகாரிக்காக வேண்டாம், அவர் யாருக்காகப் பார்க்கிறாரோ அவர்களுக்காக ஒரு தடவை குனிந்து பாருங்கள்.