தடை கட்டிய தராசு

பெய்ஜிங்கில் 2022-ஆம் ஆண்டு நடந்த குளிர்காலப் பாராலிம்பிக் போட்டிகளைப் பற்றிக் கோயமுத்தூர் நண்பர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். அவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். பருத்தியும் சோளமும் விளையும் கொங்கு மண்ணில் பிறந்த எங்களுக்குப் பனிச்சறுக்கு என்பது கதையில் வரும் செய்திதான். ஆயினும் ‘பயாத்லான்’ என்னும் ஆடவர் பந்தயம் எங்களை வழக்காட வைத்துவிட்டது.

உடற்குறை உடைய வீரர்கள் பனியில் சறுக்கி விரைய வேண்டும். இடையிடையே நின்று, மூச்சை அடக்கி, துப்பாக்கியால் குறி பார்த்துச் சுட வேண்டும். நிற்க இயலாதவர் சறுக்கு வண்டியில் அமர்ந்து செல்கிறார். பார்வையற்றவர் முன்னே செல்லும் வழிகாட்டியின் குரலைப் பின்பற்றி ஓடுகிறார். சுடும்போது அவர் காதில் ஓர் ஒலி கேட்கிறது. குறி நடுவை நெருங்க நெருங்க அது உயர்கிறது. கண்ணின் வேலையைக் காது செய்கிறது!

இவ்வளவும் நண்பருக்குப் பிடித்தது. அடுத்ததுதான் பிடிக்கவில்லை. கை இழந்தவரும் கால் குன்றியவரும் ஒரே பிரிவில் ஓடுவதால், குறையின் அளவுக்கு ஏற்ப விழுக்காடு வகுத்திருக்கிறார்கள். ஓடிய நேரத்தை அதனால் பெருக்கியே முடிவு சொல்கிறார்கள். ஒருவருக்கு 90 விழுக்காடு என்றால், அவர் ஓடிய 30 நிமிடம் கணக்கில் 27 நிமிடம்.

“கடிகாரமே பொய் சொல்லலாமுங்களா? இரக்கம் வேறு, நியாயம் வேறு” என்றார் நண்பர்.

எனக்குச் சந்தை நினைவு வந்தது. ஊத்துக்குளி வெண்ணெய் வாங்கப் பாத்திரம் கொண்டுபோனால், வியாபாரி முதலில் வெறும் பாத்திரத்தைத் தட்டில் வைத்து, எதிர்த் தட்டில் தடை கட்டுவார். பிறகுதான் வெண்ணெய் நிறுப்பார். அது நமக்குக் காட்டும் இரக்கமா? பாத்திரத்தின் எடையை வெண்ணெயோடு சேர்க்காதிருப்பதுதான் நேர்மையான நிறுவை. தடை கட்டுவதால் வெண்ணெய் ஒரு குன்றிமணியும் கூடிவிடுவதில்லை. அந்தப் பந்தயத்திலும் குறி தவறியவனுக்குத் தண்டனை உண்டு. உடலின் சுமைக்குத்தான் தடை, தவறுக்கு இல்லை.

“மனிதனின் சுமையை எந்தக் கல்லால் நிறுப்பது?” என்றார் அவர்.

நல்ல கேள்விதான். கல்லில் பிழை இருக்கலாம், இருந்தால் திருத்தலாம். தடையே கட்டாமல் நிறுப்பவனோ தெரிந்தே பிழை செய்கிறான்.

நம் பக்கத்துச் சேலம் மாவட்டத்தில் பெரியவடகம்பட்டி என்று ஒரு சிற்றூர். அவ்வூர் மாரியப்பன் தங்கவேலுவின் வலக்கால் ஐந்து வயதில் பேருந்தின் சக்கரத்தில் நசுங்கியது. தாயார் காய்கறி விற்று வளர்த்தார். 2016-இல் ரியோவில் 1.89 மீட்டர் உயரம் தாண்டிப் பொன் பெற்றார் மாரியப்பன். 2021-இல் டோக்கியோவில் வெள்ளி, 2024-இல் பாரிஸில் வெண்கலம். அங்கே கம்பிக்கு விழுக்காடு இல்லை. ஒத்த குறையுடையவர்களையே ஒன்றாக நிறுத்துகிறார்கள். அதுவும் தடை கட்டுவதே. வென்ற பிறகு நாடே கொண்டாடியது. வென்றவனைக் கொண்டாட யாருக்குத்தான் தெரியாது? பதக்கம் இல்லாத ஆயிரம் பேரை அலுவலகத்திலும் பள்ளியிலும் நாம் எந்தத் தராசில் நிறுக்கிறோம்?

நண்பர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு மெல்லச் சொன்னார்: “என் வகுப்பிலே இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பிய பையன் ஒருத்தன் இருந்தானுங்க. இரண்டு மைல் நடந்து வருவான். நாள்தோறும் கால் மணி நேரம் தாமதம். ‘மணி எல்லோருக்கும் ஒன்றுதான்’ என்று வெளியே நிற்க வைப்பேன். ஒருநாள் வராமலே நின்றுவிட்டான்.”

“ஏன் என்று விசாரித்தீர்களா?” என்று கேட்டேன்.

“இல்லைங்க. அவன் வந்து சேர்ந்த நேரத்தைத் தினமும் பதிவேட்டில் எழுதினேன். வீட்டிலிருந்து எத்தனை மணிக்குப் புறப்பட்டான் என்று ஒருநாள்கூடக் கேட்கவில்லை.”

கடிகாரம் பொய் சொல்லலாமா என்று அவர் மறுபடி கேட்கவில்லை.