மண் யாருடைய அமானிதம்?

திருச்சி மலைக்கோட்டையின் உச்சியில் நின்று வடக்கே நோக்கினால், காவிரிக்கு அப்பால் திருவரங்கத்துக் கோபுரங்கள் தெரியும். அதே நகரில்தான் நத்ஹர்வலி தர்காவில் வாலாஜா நவாப் முகம்மது அலி அடங்கியிருக்கிறார். இம்மண்ணின் உரிமை குறித்து 1801ஆம் ஆண்டில் 45 நாள் இடைவெளியில் இரு தாள்கள் பேசின.

முதலாவது, ஜூன் 16 அன்று மருது சகோதரர்கள் வெளியிட்ட அறிக்கை. திருச்சிக் கோட்டையிலும் திருவரங்கக் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்ட அது, நால்வருணத்தாரையும் முஸ்லிம்களையும் ஒருங்கே விளித்தது. கடுஞ்சொல்லும் சாபமும் அதில் உண்டு. ஆயினும் அது மக்களிடம் பேசிற்று. இரண்டாவது, ஜூலை 31 அன்று நவாப் அஜீமுத்தௌலா கம்பெனியுடன் செய்த உடன்படிக்கை. நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்குக்கு ஈடாகக் கர்நாடகத்தின் ஆட்சி முழுவதும் கைமாறிற்று. மருது சகோதரர்களோ அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர்.

நவாப் நம் சமுதாயத்தவர் என்பதற்காக அவருடைய ஒப்பத்துக்கு நாம் வக்காலத்து வாங்க வேண்டுமா? கம்பெனியின் நிபந்தனைகளை முந்தைய நவாபின் வாரிசு மறுத்ததனால்தான் இவர் பதவியில் அமர்த்தப்பட்டார். நிர்ப்பந்தத்தின் கீழ் செய்யும் விற்பனை செல்லாது என்பர் ஃபிக்ஹு அறிஞர் பலர். அதனினும் ஆழமான கேள்வி ஒன்றுண்டு. தனக்குச் சொந்தமல்லாததை ஒருவர் விற்கலாமா? ஆட்சி அமானிதம், அதனைப் பெற்றவர் காவலரேயன்றி உடைமையாளர் அல்லர்.

பின்னர் வந்த ரயத்துவாரி முறையில் கம்பெனி உழவர் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே வரி பேசிற்று. உம்மை ஆள்வது யார் என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. அமெரிக்காவிலும் 1787ஆம் ஆண்டுச் சட்டம், 60,000 சுதந்திரக் குடிகள் சேர்ந்தால் ஒரு நிலப்பகுதி மாநிலமாகலாம் என்றது. அம்மண்ணின் பூர்வகுடிகளோ அந்தக் கணக்கில் வரவில்லை.

நம் நிலம் 1950இல் சென்னை மாநிலமாயிற்று. 1952இல் வயது வந்தோர் அனைவரும் வாக்களிக்கும் உரிமை பெற்றிருந்தனர். 1956இல் மொழிவழி எல்லை வகுக்கப்பட்டது. 1969 ஜனவரி 14இல் தமிழ்நாடு என்னும் பெயர் வந்தது. அன்று மதிலில் ஒட்டிய தாள் யாரை விளித்ததோ, அவர்களே இன்று ஒப்பமிடுகிறவர்கள்.

அப்படியாயின் நவாபைக் கேட்ட அதே கேள்வி நம்மையும் கேட்கும். ஐந்தில் ஒரு பங்குக்கு அவர் ஒப்பமிட்டார். நம் வாக்கை நாம் எதற்கு ஈடாகக் கொடுக்கிறோம்?